பேச்சு நின்ற பிறகு வலியைக் கண்டுபிடிப்பது எப்படி? மறதி நோயாளியைக் கடைசிக் கட்டத்தில் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு

அம்மாவுக்கு டிமென்ஷியா முற்றிப்போன கடைசி மாதங்களில் வாயிலிருந்து வந்தது நாலைந்து சொற்கள்தான். உடம்பு துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார், நகத்தால் கீறுவார். அடம் என்றே நாங்கள் நினைத்தோம். தூக்க மாத்திரைகூட கொடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் அக்காதான் ஒருநாள், "அடம் இல்லம்மா. இடது பக்கம் திருப்பும்போது மட்டும்தான் அடிக்கிறாங்க. முகத்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். புருவம் நெரிந்து, சேலை நுனியை விரல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்தார். பழைய எலும்பு முறிவு இருந்த இடுப்பு அது. அத்தனை நாளும் வலியில் இருந்தவரைத்தான் அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பின் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

பேச முடியாத மறதி நோயாளிகளுக்காகவே 'பெயினாட்' என்றொரு அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல் அல்லது அழுகை, முகம், உடம்பின் இறுக்கம், தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்பது என ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. எண் கூடக் கூட வலி அதிகம் என்று பொருள். சும்மா படுத்திருக்கும்போது ஒருமுறை, டயப்பர் மாற்றும்போதோ புரட்டும்போதோ ஒருமுறை போடுங்கள். அசையாமல் கிடக்கும்போது 1 வாங்கும் அம்மா, புரட்டினால் 7 வாங்குவார். இரண்டாவதைப் பார்க்காமல் விட்டதுதான் எங்கள் தவறு.

எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், மதிப்பெண், என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். போனில் எடுத்த அரை நிமிட வீடியோவும் மருத்துவரிடம் நிறையச் சொல்லும்.

2. காரணத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். சொத்தைப் பல், வெள்ளை படிந்த நாக்கு, பல்செட் உரசிய புண் ஏதாவது இருக்கலாம். ஒரு பக்கமாகவே மெல்கிறார், திடீரென்று இட்லியைத் துப்புகிறார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாயைத்தான். அப்புறம் வயிறு. மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால் அந்த வலியே ஆளைக் கத்தவைக்கும். அடிவயிறு கல்லாக இருந்து, டயப்பர் நனையாமல் இருந்தால் சிறுநீர் அடைத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிட்டம், குதிகால், காது மடல் இந்த மூன்று இடத்திலும் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மடங்கி இறுகிப்போன கைவிரல்களை விரித்தால் உள்ளங்கையில் நகம் குத்தியிருக்கும்.

3. கையால் செய்யக்கூடியவை

சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். தொடுவதற்கு முன் முகத்துக்கு நேரே வந்து, "அம்மா, இப்ப திரும்பப் போறோம்" என்று சொல்லுங்கள். புரியாவிட்டாலும் அந்தக் குரலுக்கு உடம்பு தளரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

4. மருந்தை நேரம் பார்த்துக் கொடுங்கள்

'வலி வந்தா குடுங்க' என்று எழுதிய சீட்டு இவர்களுக்கு உதவாது. வலிக்கிறது என்று கேட்கத் தெரியாதவருக்கு மணி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பெரசிட்டமாலில்தான் தொடங்குவார்கள். இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். நார்வேயின் முதியோர் இல்லங்களில் 352 மறதி நோயாளிகளை வைத்து நடந்து, 2011-ல் வெளியான ஆய்வில், படிப்படியாக வலி மருந்து கொடுத்ததிலேயே கத்தலும் கொந்தளிப்பும் குறைந்தன. அவர்களில் பலருக்குக் கொடுத்தது பெரசிட்டமால்தான்.

நாளுக்கு 4 கிராம் என்பது நல்ல உடம்புக்காரர்களுக்கான உச்ச வரம்பு. எடை 50 கிலோவுக்குக் கீழே போனவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் பெரசிட்டமால் இருக்கும், கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபென் போன்றவற்றை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவை பதம்பார்த்துவிடும்.

உடம்பு துடைப்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் மருந்து போகும்படி நேரத்தை அமையுங்கள். எங்கள் வீட்டில் கீறல் நின்றது இதனால்தான்.

5. மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள்

"அதைக் குடுத்தா கதை முடிஞ்சிடும்" என்று சொல்ல ஒரு உறவினராவது வருவார். மருத்துவர் சொன்னபடி சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால், மார்ஃபின் வலியைத் தணிக்கும். உயிரை எடுக்காது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், எனவே மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள். எழுப்ப முடியாத மயக்கமோ, மூச்சு மிக மெதுவாகிப்போவதோ தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

மார்ஃபின் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. அரசு மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவில், அதாவது வலியையும் அவதியையும் குறைக்கும் 'பாலியேட்டிவ் கேர்' பிரிவில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

6. கடைசி நாட்கள்

விழுங்குவது நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். தோலுக்கு அடியில் போடும் ஊசி, ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து என்று வேறு வழிகள் இருக்கின்றன. அந்த நிலை வருவதற்கு முன்பே இதைப் பேசி வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பதையும் சேர்த்து. தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கும் நமக்குத்தான் அது வேதனை, முகம் அமைதியாக இருந்தால் அவருக்கு வலி இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாலே பெரும்பாலும் சத்தம் குறையும். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டைத் தடவிவிட்டால் போதும்.

அம்மாவின் நோட்டில் கடைசி வரி: காலை 5.40, புருவம் நெரியவில்லை, 0. மீதமிருந்த மார்ஃபினை அடுத்த வாரம் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் அதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.