டெங்கு: வீட்டில் நாங்கள் கவனித்த முறை

மாரி தொடங்கித் தை மட்டும் யாழ்ப்பாணத்தில் எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்று நினைத்தே பார்க்கவேணும். திடீரெனக் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு உளைவு. தடிமன் (சளி) பெரிதாக இராது.

கொடுத்த மருந்து பனடோல் (பரசிற்றமோல்) மட்டும்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். அதற்கும் அடங்காவிட்டால் இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்துத் துடைக்கலாம். இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் போன்ற நோ மருந்துகள் கூடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்), உப்புக் கஞ்சி, இளநீர் என்று பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 2.5 லீற்றர். குடித்த அளவையும் சலம் போன நேரத்தையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினோம்; வைத்தியர் முதலில் கேட்டதும் அந்தக் கொப்பியைத்தான். பீற்றூட், சிவப்புச் சர்பத் வேண்டாம்: சத்தியெடுத்தால் இரத்தமோ என்று மயங்கவேண்டி வரும்.

மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை, பிறகு தினமும். எல்லாரும் பிளேட்லெட்டையே (இரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கையையே) பார்க்கிறார்கள். ஹீமற்றோக்கிறிற், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பாருங்கள். அது ஏறினால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் கூடும் என்று பலர் கொடுக்கும் பப்பாசி இலைச்சாறு அந்தக் கசிவை நிறுத்தாது.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியடையவேண்டாம், கசிவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பிளேட்லெட் 100,000க்குக் கீழே இறங்கினாலோ, வயிற்றுநோ, ஓயாத சத்தி, குளிர்ந்த கைகால், ஆறு மணித்தியாலம் சலம் போகாமை இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. பசி திரும்பி, உள்ளங்கை கடித்தால் (அரித்தால்) தேறும் கட்டம். களைப்பு மட்டும் சில கிழமை நிற்கும்.