உறங்கி எழும் கணினியும் ஹார்ட் டிஸ்க்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறக்கநிலையில் இருக்கும் கணினியை எழுப்பியதும் உள்ளிருந்து ஓர் உறுமல் கிளம்பி, ஏறி, சில நொடிகளில் சீராகும். ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தை எட்டும் ஓசை அது. டிஸ்க்குக்குச் சிரமம் ஓடுவதில் இல்லை, ஓடத் தொடங்குவதில்தான் இருக்கிறது. சீராகச் சுற்றச் சில வாட் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க், கிளம்பும் நேரத்தில் மட்டும் 20 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடும்.

இதை மறந்துவிட்டு, மின்சாரம் மிச்சமாகும் என்று டிஸ்க்கை மூன்று நிமிடத்திலேயே நிறுத்தும்படி அமைப்பவர்கள் பலர். டிஸ்க் நிற்கும்போது, தரவைப் படித்து எழுதும் தலைப்பகுதி தட்டைவிட்டு ஒதுங்கும். அது ஒதுங்கித் திரும்புவதற்கும் ஆயுள் கணக்கு உண்டு. பல டிஸ்க்குகளுக்கு அது 3 லட்சம் முறை. நிமிடத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் அது நடந்தால் ஏழு மாதத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் 193 என்ற எண் கொண்ட வரியைப் பாருங்கள், உங்கள் டிஸ்க்கின் எண்ணிக்கை அங்கே இருக்கும். நிறுத்தும் நேரத்தை 20 நிமிடத்துக்குக் கீழே குறைக்காதீர்கள்.

லினக்ஸில் என்னை நெடுநாள் அலைக்கழித்தது வேறொரு தவறு. டிஸ்க்கின் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் (hdparm) கட்டளையால் நிறுத்தும் நேரத்தை ஒழுங்காக அமைப்பேன். மறுநாள் டிஸ்க் பழையபடியே நடந்துகொள்ளும். உறக்கநிலையில் டிஸ்க்குக்கு வரும் மின்சாரம் நின்றுபோகிறது. நாம் சொன்னதைப் பெரும்பாலான டிஸ்க்குகள் அத்தோடு மறந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறை எழும்போதும் மறுபடி சொல்ல வேண்டும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் (systemd) 'சிஸ்டம்-ஸ்லீப்' (system-sleep) கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) வைத்து, கணினி எழுந்ததும் சிஸ்டம்டி அதற்கு அனுப்பும் 'போஸ்ட்' (post) என்ற சொல் வரும்போது அதே கட்டளையை இயக்கச் செய்தால் போதும். ஸ்கிரிப்டுக்கு இயங்கும் அனுமதி தர மறந்துவிடாதீர்கள். நான் மறந்து இரண்டு நாள் தேடினேன்.

அந்தக் கட்டளையில் கொடுக்கும் எண் நிமிடமும் அல்ல. 240 வரை ஒவ்வொன்றும் ஐந்து நொடி. பத்து நிமிடம் என்று நினைத்து 10 கொடுத்தால் டிஸ்க் 50 நொடியில் நின்றுவிடும். பத்து நிமிடத்துக்கு 120, இருபதுக்கு 240. அதற்குப் பிறகு கணக்கு மாறுகிறது: 241 என்றால் அரை மணி நேரம்.

விழித்த கணினி சற்றுத் திணறினால் உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தட்டு வேகம் பிடிக்கும்வரை கோப்புச் சாளரம் உறைந்து நிற்பது இயல்பு. பல டிஸ்க்குகள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி இன்னும் தாமதமாகலாம். அந்நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால் தலைப்பகுதி அவசரமாக ஒதுங்க நேரிடுகிறது, எழுதிக்கொண்டிருந்த தரவும் பாதியில் அறுந்துபோகும். அரை நிமிடமாவது பொறுங்கள்.

கணினி உறங்கும்போது யூஎஸ்பி டிஸ்க்கைப் பிடுங்குவதும் இதைப் போன்றதே. எழுத வேண்டியது இன்னும் நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். எழுப்பி, முறைப்படி வெளியேற்றிய பிறகே கழற்றுங்கள்.

எஸ்எஸ்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, சுழலும் தட்டே இல்லாததால், நிறுத்தும் நேரத்தைப் பற்றிய கவலை வேண்டாம். ஆனால் பவர் பட்டன், யூஎஸ்பி பற்றிச் சொன்னவை அவர்களுக்கும்தான்.