லாகார்டியா ஆடிஷன்: கர்நாடக வயலினோடு போகிறவர்கள் கவனத்துக்கு

செப்டம்பர் பிறந்தால் போதும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போதே யாராவது பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, பொண்ணு எட்டாவது வந்துட்டா. லாகார்டியாவுக்குப் போடலாம்னு இருக்கோம்."

லிங்கன் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கலைப் பள்ளி, ஆடிஷன் வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது, நியூயார்க் மாநகரின் ஒன்பது சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்று. 1936ல் மேயர் லாகார்டியா தொடங்கிய இசை, ஓவியப் பள்ளியும் பின்னால் வந்த நிகழ்த்துகலைப் பள்ளியும் 1984ல் இந்தக் கட்டடத்தில் ஒன்றாயின. அரசுப் பள்ளி, ஃபீஸ் கிடையாது. கேட்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் புதியவர்கள். தடுமாற்றம் என்னவோ எங்கள் வீட்டுப் பையனுக்கு விண்ணப்பித்த காலத்தில் நாங்கள் தடுமாறிய அதே பழசுதான். கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள், பையன் தலை வாரியிருக்கட்டும் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் தடுமாறும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஸ்.எச்.எஸ்.ஏ.டி. கோச்சிங்

மற்ற எட்டுப் பள்ளிகளுக்குத்தான் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்ற அந்த நுழைவுத் தேர்வு. இங்கே அந்த மார்க்கைப் பார்ப்பதே இல்லை.

நியூ ஜெர்சி முகவரி

மாநகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். எடிசனிலிருந்து எனக்கு ஃபோன் செய்யாதீர்கள், உங்கள் கவுண்ட்டியின் கலைப் பள்ளிகளைப் பாருங்கள்.

"வயலின் வயலின்தானே, அக்கா?"

இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

போன வருஷம் ஒரு குழந்தை வந்தாள். சின்ன வயதிலிருந்து பாட்டு டீச்சரிடம் வயலின். வர்ணம் இரண்டு காலத்திலும் சுத்தமாக வாசிப்பாள், கல்யாணியில் ஆலாபனை செய்தால் உட்கார்ந்து கேட்கலாம். அப்பா அதையே வீடியோ எடுத்து அனுப்பத் தயாராக இருந்தார். தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தம்பூரா ஆப் பின்னால் ஓட, அழகான வீடியோதான். ஆனால் வாத்திய இசைப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவது நாளைக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கக்கூடிய பிள்ளையை. வித்வத்தை அவர்கள் மெச்சக்கூடும். மெச்சுவது வேறு, இடம் கொடுப்பது வேறு.

சரி, மேற்கத்திய முறையில் ஒன்றை வாசித்துக் காட்டு என்று என் வயலினைக் கையில் கொடுத்தேன். முதல் இரண்டு தந்தியில் ஸ்கேல் சரியாக ஏறியது. மூன்றாவது தந்திக்குத் தாண்டியதும் விரல் தப்பான இடத்தில் விழுந்தது. விழத்தான் செய்யும். நம் வயலினில் நாலு தந்தியின் சுருதி ஸ-ப-ஸ-ப. நடுவில் இருக்கும் ப-விலிருந்து மேல் ஸ-வுக்கு நாலு ஸ்வர தூரம். அவர்களுடைய ஜி-டி-ஏ-ஈயில் எந்தத் தந்தியிலிருந்து அடுத்ததற்குப் போனாலும் அஞ்சு. இத்தனை வருஷம் கை மனப்பாடம் செய்தது அந்த ஓர் இடத்தில் காலை வாரிவிடுகிறது. பெரும்பாலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழுத்தே ஸ்வரத்தை அசைக்கும் கமகம் பிடித்துப் பழகிய கைக்குச் சுண்டு விரல் என்று ஒன்று இருப்பதே மறந்திருக்கும். நாம் வயலினைக் காலில் தாங்கிக்கொள்வதால் இடது கை தாராளமாக ஓடுகிறது. அங்கே தாடையும் தோளும் பிடிக்க வேண்டும், கழுத்து வலிக்கும். நோட்டேஷன் பார்த்து வாசிப்பது தனிக் கதை.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த வாத்தியம்தான் இது. கொண்டுவந்தது எளிதோ கடினமோ, திருப்பி எடுத்துக்கொண்டு போவதில் இவ்வளவு தொல்லை.

எரிச்சல் எங்கே என்றால், இது ஆறாவது வகுப்பிலேயே தீர்த்திருக்கக்கூடிய விஷயம். எட்டாவது அக்டோபரில் வந்து "ரெண்டு மாசத்துல மாத்திடலாம்ல?" என்றால் நான் என்ன செய்ய? ஆறாவதிலேயே மேற்கத்திய முறைக்குத் தனி டீச்சர் வையுங்கள். இரண்டாவதாக ஒரு வயலின் வாங்குங்கள், வாடகைக்குக்கூடக் கிடைக்கும். ஒரே வயலினை மாற்றி மாற்றிச் சுருதி கூட்டினால் தந்தியும் போகும், குழந்தையின் காதும் குழம்பும். கர்நாடக வகுப்பை நிறுத்த வேண்டாம். அந்தக் காதும் தாளமும் பின்னால் கை கொடுக்கும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கு மாறச் சம்மதித்தால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. எந்தப் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவிலும் வயோலா வாசிக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மிருதங்கப் பிள்ளைகளுக்கும் இதே கதை. ஸ்னேர் டிரம்மும் சைலஃபோனும் தெரியாமல் தனி ஆவர்த்தனம் மட்டும் போதாது.

பரதநாட்டியம்

சலங்கை பூஜை வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள். அங்கே நாலு வருஷமும் பயிற்சி பாலேயிலும் மாடர்னிலும்தான். அடவு சுத்தமாக இருக்கிற பிள்ளைக்கு உடம்புக் கட்டுப்பாடு ஏற்கெனவே வந்திருக்கும், ஆனால் அரைமண்டியிலேயே இறுகிப்போன இடுப்பு தளரவும் நாளாகும். ஆறாவது, ஏழாவதிலேயே பாலே வகுப்பில் போட்டுவிடுங்கள்.

ஸ்டூடியோ வீடியோ

2020 தொற்றுக்காலத்தில்தான் ஆடிஷன் வீடியோவுக்கு மாறியது. அதிலிருந்து கேமராக்காரர், எதிரொலி சேர்த்த ஆடியோ என்று காசைக் கரைக்கிறார்கள். ஃபோன் போதும். நடுவில் வெட்டி ஒட்டியது தெரிந்தால் அதுவே சந்தேகம்.

பெரிய அக்காவின் பழைய குறிப்பு

முன்னால் ஆடிஷன் கொடுத்த பெரிய அக்கா எழுதிவைத்ததை நம்பாதீர்கள், ஆடிஷனில் கேட்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மாநகரப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் மைஸ்கூல்ஸ் தளத்தில் இந்த வருஷத்துக்கானதைப் படியுங்கள். மொத்தம் ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆடிஷன். பாட்டும் வயலினும் தெரிந்தால் இரண்டுக்கும் போடலாம்.

"கலைப்பள்ளிதானே, மார்க் எதுக்கு?"

ஏழாம் வகுப்பு மார்க்கையும் பார்ப்பார்கள். படிப்புக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுக்கிறார்கள் என்று 2019ல் மாணவர்களே பள்ளிக்குள் உட்கார்ந்து போராடினார்கள். எது நியாயம் என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஏழாவதில் கணக்கை விட்டுவிட்டு எட்டாவதில் பக்கவாத்தியத்தோடு வந்தால் அந்த மார்க்கைத் திருத்த முடியாது.

தூரம்

ஃப்ளஷிங்கிலிருந்து 7ஆம் நம்பர் ரயிலில் டைம்ஸ் ஸ்கொயர், அங்கிருந்து 1ஆம் நம்பரில் 66வது தெரு. முதுகில் பை, கையில் வாத்தியப் பெட்டி. விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் காலை நெரிசலில் பிள்ளையோடு போய் வாருங்கள்.