அப்ரண்டிஸா, பி.எம். இன்டர்ன்ஷிப்பா? படிவத்தைத் திறப்பதற்கு முன் தகுதியைச் சரிபார்ப்பது எப்படி

அக்கா மகள் 2024-இல் பி.காம். முடித்தாள். அந்த வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, அவளும் நானும் லேப்டாப்பைத் திறந்துவைத்து, பெரிய நிறுவனங்களில் உதவித்தொகையோடு பயிற்சி தரும் மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தோம். ஆதார் ஓடிபி, முகவரி, மதிப்பெண், வங்கி விவரம் என்று ஒவ்வொன்றாக முடித்து, குடும்ப விவரம் பற்றிய கேள்விக்கு வந்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. "குடும்பத்தில் யாராவது நிரந்தர அரசு ஊழியரா?" அத்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர், நிரந்தரப் பணி. "அது அரசு வேலை இல்லையே, கழகம்தானே சித்தி" என்றாள். விதிமுறையைத் திறந்து படித்தோம். மாநிலப் பொதுத்துறை நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு எல்லாமே அதில் 'அரசு' கணக்கில்தான் வருகிறது. அவளுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது.

பிறகு அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் பயிற்சி வழியாகப் போய் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது, கீழே விரிவாகச் சொல்கிறேன். எங்களுக்குப் போன நேரம் உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவது, ஓடிபி போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். தகுதியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படி 1: ஒரு தாளில் ஐந்து விஷயம்

தளத்தைத் திறக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் இவற்றை எழுதுங்கள்: பிறந்த தேதி, கடைசியாகத் தேர்ச்சி பெற்ற படிப்பும் வருடமும், இப்போது முழுநேரமாகப் படிக்கிறீர்களா அல்லது வேலை செய்கிறீர்களா, இதற்கு முன் எடுத்த பயிற்சிகள் (எத்தனை மாதம், யார் நடத்தியது), அப்பா அம்மாவின் வேலையும் வருட வருமானமும். திருமணமாகியிருந்தால் கணவர் அல்லது மனைவியின் வேலையும். உங்களுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்பது முக்கால்வாசி இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

படி 2: எந்த வாசல் உங்களுடையது?

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நாப்ஸ் எனப்படும் தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் தளத்துக்குப் போகலாம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ், அதாவது தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். நம் பக்கத்தில் இதை நடத்துவது சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். நாட்ஸ் என்றால் பி.இ. படித்தவர்களுக்கு மட்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது; 2014-இல் அதைத் திருத்திய பிறகு பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்கும் வழி திறந்துவிட்டது. போக்குவரத்துக் கழக அறிவிப்புகளில் கலை அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே இடங்கள் வருகின்றன. இது தெரியாமல் கடைசித் தேதியைத் தவறவிட்ட பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களும் விண்ணப்பிக்கக்கூடியது பிரதமர் இன்டர்ன்ஷிப். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்களும் போகலாம்.

கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் பிரதமர் இன்டர்ன்ஷிப் கிடையாது. அவர்கள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நடத்தும் இன்டர்ன்ஷிப் தளத்தையும் தங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்ப்பது நல்லது.

படி 3: பிரதமர் இன்டர்ன்ஷிப்பின் வடிகட்டிகள்

2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவித்து, அதே வருடம் அக்டோபரில் முன்னோடிச் சுற்றாகத் தொடங்கினார்கள். அந்த முன்னோடிக் கட்டத்து விதிகளைத்தான் இங்கே சொல்கிறேன். புதிய சுற்று வரும்போது அதன் வழிகாட்டுதலை ஒருமுறை திறந்து எண்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வயது 21 முதல் 24 வரை. முழுநேர வேலையிலோ முழுநேரப் படிப்பிலோ இருக்கக் கூடாது. தொலைதூரக் கல்வி, ஆன்லைன் படிப்பு பரவாயில்லை. ஆனால் எம்.காம்., எம்.பி.ஏ. என்று முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டால் தகுதி போய்விடும். சி.ஏ., எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கும் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம்., தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டம் பெற்றவர்களுக்கும் இடமில்லை. குடும்ப வருமானம் 2023-24 நிதியாண்டில் 8 லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

அடுத்து, எங்களை நிறுத்திய அந்தக் கேள்வி. இங்கே 'குடும்பம்' என்றால் நீங்கள், பெற்றோர், கணவர் அல்லது மனைவி, அவ்வளவுதான். அண்ணன் போலீஸில் இருந்தாலும், அக்கா அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. அப்பா மின்வாரியத்திலோ நகராட்சியிலோ நிரந்தரமாக இருந்தால் தடுக்கும். ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் தடுக்காது. பணி ஆணையை எடுத்து, அதில் எந்த வகைப் பணி என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் பேச்சுவழக்கில் சொல்லும் 'கவர்மென்ட் வேலை' கணக்கும் விதிமுறையின் கணக்கும் ஒன்றல்ல.

தேர்வானால் 12 மாதம் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய்: 4,500 அரசிடமிருந்து, 500 நிறுவனத்திடமிருந்து. சேரும்போது ஒரே முறை 6,000 ரூபாய்.

படி 4: நாட்ஸின் வடிகட்டிகள்

இதில் பெற்றோர் வேலையையும் குடும்ப வருமானத்தையும் வைத்து யாரையும் தள்ளுவதில்லை. அதனால்தான் அக்கா மகளுக்கு இது சரிப்பட்டது. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தேர்ச்சி பெற்ற வருடம். பெரும்பாலான அறிவிப்புகளில் இந்த வருடத்திலிருந்து இந்த வருடத்துக்குள் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். இன்னொன்று, ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவர்களும், ஒரு வருடமோ அதற்கு மேலோ பயிற்சி அல்லது வேலை அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்க முடியாது என்ற வரி. அறிவிப்பின் நடுவில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

2019 விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது; இப்போதைய தொகையை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பாதி அரசின் பங்கு. முடித்தால் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். வேலை தருவதாக நிறுவனம் உறுதி தருவதில்லை. சேரும்போதே அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

படி 5: எது முதலில்?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நாட்ஸிலோ நாப்ஸிலோ எப்போதாவது பயிற்சி முடித்திருந்தால் பிரதமர் இன்டர்ன்ஷிப்புக்குத் தகுதி இல்லை. மறுபக்கம், பிரதமர் இன்டர்ன்ஷிப்பில் 12 மாதம் முடித்தவர், அப்ரண்டிஸ் அறிவிப்பில் இருக்கும் 'ஒரு வருடப் பயிற்சி' என்ற வரியில் மாட்டிக்கொள்ளலாம். ஆக, ஒன்றை எடுத்தால் மற்றது கையை விட்டுப் போகலாம் என்று நினைத்தே முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத்திலோ நாட்ஸ் இடம் இருந்தால் அதையே எடுங்கள். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி 5,000 ரூபாயில் மாதத்தை ஓட்டுவது கஷ்டம். பட்டமோ டிப்ளமோவோ இல்லாதவர்களுக்கும், பெரிய நிறுவனத்தின் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் பிரதமர் இன்டர்ன்ஷிப் நல்ல வழி.

படி 6: பெயர், மின்னஞ்சல்

நம் ஊர் இனிஷியல் எல்லாத் தளத்திலும் தொல்லை கொடுக்கும். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வராஜ்' என்று இருக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. இனிஷியல் முன்னே பின்னே இருப்பதற்காக அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். பிறந்த தேதி மாறியிருந்தால் மட்டும் உடனே திருத்துங்கள்.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தாலும் மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் நேர்காணல் அழைப்பு அவருக்குத்தான் போகும். போனில் படிவம் நிரப்புவதைவிட லேப்டாப் எவ்வளவோ மேல். சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய அடோபி ஸ்கேன் செயலி போதும். காசு கொடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

படி 7: வங்கிக் கணக்கு, எங்களை மூன்று மாதம் அலையவிட்ட இடம்

பயிற்சியில் சேர்ந்த முதல் மாதமே நிறுவனத்தின் பங்கு வந்துவிட்டது. அரசின் பங்கு வரவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. வங்கிக் கிளையில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதே, எங்களிடம் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். நிறுவனத்தில் கேட்டால் வங்கியைக் கை காட்டினார்கள்.

உண்மையில் நடந்தது இது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) பட்டியலில் ஆதாரை இணைப்பது வேறொன்று; அதற்கு ஆதார் சீடிங் என்று பெயர். ஒரு ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் இருக்கும். அவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது உதவித்தொகைக்காகப் பள்ளியில் எல்லோருக்கும் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கினார்களே, அந்த வங்கிதான் இன்னமும் பட்டியலில் இருந்தது. பாஸ்புக் அக்கா வீட்டு பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் கிடந்தது. கடைசி வரவு 2018.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மை ஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே போனால், 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' அல்லது 'இன்ஆக்டிவ்' என்ற நிலையும் வரும். கணக்கு எண் வராது. நீங்கள் படிவத்தில் கொடுத்த வங்கியே அங்கே 'ஆக்டிவ்' என்று இருந்தால் கவலையில்லை. வேறு வங்கியாக இருந்தால், உங்கள் கிளைக்குப் போய், "ஆதார் லிங்க் பண்ணுங்கள்" என்று கேட்காதீர்கள். "டி.பி.டி. பணம் வர ஆதார் சீடிங் செய்ய வேண்டும், இப்போது இன்ன வங்கியில் இருக்கிறது, இங்கே மாற்றிக்கொடுங்கள்" என்று சொல்லி, அதற்கான ஒப்புதல் படிவத்தை வாங்கி நிரப்புங்கள். (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாக உங்கள் கணக்குக்கு வருவது.) ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து அதே பெட்டியை மறுபடி பாருங்கள். வங்கிப் பெயர் மாறிய பிறகுதான் எங்களுக்கும் பணம் வரத் தொடங்கியது.

படி 8: பதிவு வேறு, விண்ணப்பம் வேறு

நாட்ஸில் பதிவு செய்து எண் வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது உள்ளே நுழைய மட்டும்தான். பதிவு சரிபார்க்கப்பட்ட பிறகு மறுபடி உள்ளே போய், குறிப்பிட்ட நிறுவனத்தின் அறிவிப்பைத் தேடித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சரிபார்க்க ஓரிரு நாள் ஆகும் என்பதால் கடைசித் தேதியன்று பதிவைத் தொடங்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கல்லூரியில் நான் முதல்வன் பயிற்சி எடுத்தது பிரதமர் இன்டர்ன்ஷிப்பைத் தடுக்குமா? மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் பயிற்சி நடந்துகொண்டிருந்தால்தான் தடை. முடிந்துபோன பயிற்சி தடையில்லை. முடித்திருந்தாலும் தடுப்பவை நாட்ஸும் நாப்ஸும் மட்டுமே.

இன்னொருவர், போன மாதம் திருமணமானவர், கணவர் வருவாய்த்துறையில் நிரந்தர உதவியாளர். உங்களுக்கு நாட்ஸ்தான் வழி, தங்கை. தேர்ச்சி பெற்ற வருடத்தை அறிவிப்போடு ஒப்பிட்டுவிட்டு, இன்றைக்கே பதிவைத் தொடங்கிவிடுங்கள்.