வாழ்க்கை வரலாற்றுப் படத்தை டி.டி. ஏரியாவுக்கு எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

நெல் விற்ற பணமோ மனை விற்ற பணமோ கையில் வைத்துக்கொண்டு டி.டி. ஏரியாவில், அதாவது திருச்சி-தஞ்சாவூர் விநியோகப் பகுதியில், சினிமா விநியோகத்துக்கு வரும் புது ஆள் ஒருவர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எப்போதும் இருப்பார். அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரு தலைவரின் கதை, ஒரு விஞ்ஞானியின் கதை, ஒரு ராணுவ வீரரின் கதை. "போட்ட பணம் வந்தா போதும், மரியாதையா ஒரு படம் பண்ணினோம்னு இருக்கட்டும்" என்பார். மரியாதை கிடைத்துவிடும். போட்ட பணம் வராமல் போவதற்கான காரணங்கள்தான் ஆளுக்கு ஆள் மாறாமல் அப்படியே இருக்கின்றன.

படத்தைப் பார்க்காமல் வாங்குவது, வாய்ப்பேச்சில் ஒப்பந்தம் முடிப்பது, வியாழக்கிழமை இரவு வரை படத்தைத் திறக்கும் டிஜிட்டல் கீ வந்ததா என்று பார்க்காமல் இருப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் எந்தப் படத்துக்கும் உள்ளவை. வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கென்றே உள்ளவற்றை மட்டும் பார்ப்போம்.

பாடப்புத்தகப் பெயரை டிக்கெட் என்று எண்ணுவது

எல்லோருக்கும் தெரிந்த பெயர், அதனால் எல்லோரும் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மன், 1961-இல் கப்பலோட்டிய தமிழன். இரண்டுக்கும் இயக்குநர் பி.ஆர்.பந்துலு, இரண்டிலும் சிவாஜி கணேசன், இரண்டும் வெள்ளைக்காரனை எதிர்த்த மனிதர்களின் கதை. முதலாவது பெரிய வெற்றி. இரண்டாவது தேசிய விருது வாங்கியது, வசூலில் தோற்றது. வ.உ.சி.யின் பெயர் தெரியாத ஊர் அன்றைக்கும் இல்லை.

கட்டபொம்மன் திரைக்கு வருமுன்பே மேடை நாடகமாக ஊர் ஊராகப் போய்விட்டது. வசனம் ஜனங்கள் வாயில் ஏறியிருந்தது. கப்பலோட்டிய தமிழனில் செக்கிழுத்த காட்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறவர் அடுத்த நாள் தன் மச்சானை அழைத்துக்கொண்டு மறுபடி வரமாட்டார். படத்தை வாங்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்: அந்தப் பெரியவரின் பெருமையை அல்ல, இடைவேளையில் டீ குடிக்கும்போது அடுத்து என்ன ஆகுமோ என்று பேச ஏதாவது இருக்கிறதா என்பதை.

"நம்ம ஊர்க்காரர்" என்பதும் இதே வகைதான். கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார், உ.வே.சா.வின் ஊரான உத்தமதானபுரம் பாபநாசத்துக்குப் பக்கம். அந்த நெருக்கம் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்திக்கும் வெள்ளிக்கிழமை ஒரு காட்சிக்கும் உதவும். செவ்வாய்க்கிழமைக்கு உதவாது.

கிராஸைக் காதில் வாங்கி எம்.ஜி. பேசுவது

"அந்தப் படம் டி.டி.யில் ஒரு கோடி பண்ணியது" என்று யாராவது சொன்னால், அது கிராஸா, நெட்டா, ஷேரா என்று கேளுங்கள். மூன்றும் மூன்று தொகை. கிராஸ் என்பது டிக்கெட் விற்ற மொத்தப் பணம், நெட் அதில் வரி போக மீதி, ஷேர் அந்த நெட்டில் விநியோகஸ்தர் பங்கு.

150 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 4 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் இருக்கின்றன. இரண்டும் போனால் நெட் சுமார் 122 ரூபாய். முதல் வாரம் 60 சதவீதம் என்று பேசியிருந்தால் உங்கள் ஷேர் 73 ரூபாய். அதாவது கிராஸில் பாதிகூட இல்லை. இரண்டாம் வாரம் 55, மூன்றாம் வாரம் 50 என்று அது இறங்கும். டிக்கெட் 100 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், அங்கே நெட் கொஞ்சம் கூடும். எனவே எந்த அரங்கில் என்ன விலை என்று தெரியாமல் ஏரியா முழுவதற்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது.

எம்.ஜி. (மினிமம் கியாரண்டி), அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குக் கொடுக்கும் உறுதித் தொகை, 20 லட்சம்; போஸ்டர், க்யூப் (டிஜிட்டல் திரையிடல்) கட்டணம், ரெப் (அரங்கில் நமக்காகக் கணக்குப் பார்க்கும் பிரதிநிதி) படி எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வையுங்கள். இந்த 25 லட்சம் திரும்பி வர, கிராஸ் 53 லட்சமாவது தேவை. 150 ரூபாய் டிக்கெட்டில் அது 35 ஆயிரம் பேர். 500 இருக்கை அரங்கில் 70 ஹவுஸ்ஃபுல் காட்சி. எம்.ஜி. தொகையை லட்சத்தில் யோசிக்காமல் தலைக்கணக்கில் யோசித்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போடமாட்டார்கள். கமிஷன் அடிப்படையில் அட்வான்ஸ் கொடுத்து (வசூலில் வராத பணத்தைத் தயாரிப்பாளர் திருப்பித் தரும் முறையில்) எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்குப் போட்டி குறைவு, தயாரிப்பாளர் இறங்கி வருவார்.

மொத்த புக்கிங்கைக் கூட்டம் என்று நம்புவது

எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பது இது. எரிச்சலும் இதில்தான்.

மசாலாப் படத்துக்கு ரசிகர் மன்றம் டிக்கெட் எடுக்கும். எடுத்தவன் வந்து உட்கார்ந்து விசிலடிப்பான். வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு எடுப்பது கட்சிக் கிளை, சமுதாயச் சங்கம், பள்ளி நிர்வாகம், ஏதாவது ஒரு பேரவை. "அய்யா படம், எங்க பங்குக்கு ரெண்டு ஷோ நாங்க எடுத்துக்கறோம்" என்று வெள்ளை வேட்டியில் நான்கு பேர் வந்து நிற்கும்போது புது விநியோகஸ்தருக்குத் தலைகால் புரியாது. படம் வருமுன்பே இரண்டு ஷோ போய்விட்டதே! அவர்கள் கேட்பது எப்போதும் முதல் நாள் மாலை 6.30 காட்சி. போட்டோ எடுக்க வெளிச்சமும் வேண்டும், கூட்டமும் வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். 500 இருக்கை, நான்கு காட்சி, மொத்தம் 2,000 இடம். வெள்ளிக்கிழமை டி.சி.ஆரில் (தினசரி வசூல் அறிக்கையில்) 1,400 டிக்கெட் என்று இருக்கிறது. 70 சதவீதம், கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றும். அதில் 900 மொத்தமாகப் போனவை. கவுன்டரிலும் ஆன்லைனிலும் தானாக வந்தவர்கள் 500 பேர். உண்மையான நிரப்பு 25 சதவீதம். அந்த 900-இலும் உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் பாதிகூட இருக்கமாட்டார்கள். சும்மா கிடைத்த டிக்கெட், மழைத் தூறல் போட்டால் வரமாட்டார்கள், வந்தவர்களில் பலர் தலைவர் பிறந்து வளர்ந்து சிறைக்குப் போனதும் இடைவேளையோடு எழுந்துவிடுவார்கள்.

இதற்குள் நடந்துவிட்ட சேதம் வேறு. ஒரத்தநாட்டிலிருந்து குடும்பத்தோடு பைக்கில் வந்தவர் ஹவுஸ்ஃபுல் போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறார். அவர் இன்னொரு நாள் வரமாட்டார், அந்தச் செலவுக்கு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே பாதி இருக்கை காலி. ஊரில் போய்ப் பேச வேண்டிய வாய் வாசலோடு திரும்பிப் போயிற்று, உள்ளே இருக்கும் வாய்க்குப் படத்தைப் பற்றிப் பேச ஆர்வமில்லை. வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு இருக்கிற ஒரே விளம்பரம் பார்த்தவர் சொல்வதுதான், அதை முதல் நாளிலேயே நாமே மூடிவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த மூன்று நாள் கணக்கை வைத்துக்கொண்டு விநியோகஸ்தர் செய்வதுதான் பணத்தைக் கொல்கிறது. பேராவூரணிக்கும் வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் கூடுதல் அரங்கு பேசுகிறார். இரண்டாம் வாரம் படத்தைத் தூக்காமல் இருக்க அரங்குக்காரருக்கு ஒரு தொகை உறுதி சொல்கிறார். இன்னொரு சுற்று போஸ்டர் அடிக்கிறார். திங்கள்கிழமை கவுன்டரில் நாள் முழுக்க 150 டிக்கெட் போகிறது. சங்கத்துக்காரர்கள் பாதிப் பணம் கொடுத்திருப்பார்கள், மீதி "செயலாளர் ஊர்ல இல்லீங்க". அச்சடித்த டிக்கெட்டுக்கு வரி கட்டியாக வேண்டும், சங்கம் பணம் தந்தாலும் தராவிட்டாலும். அரங்குக்காரர் அதை உங்கள் ஷேரில் கழித்துக்கொள்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உண்மையான கூட்டத்தைக் கண்டுபிடிக்க டி.சி.ஆர். மட்டும் போதாது. வாசலில் கிழித்த பாதி டிக்கெட்டுகள் பெட்டியில் கிடக்கும். காட்சி தொடங்கி அரை மணி கழித்து அவற்றை எண்ணச் சொல்லுங்கள், விற்றதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும். ஆன்லைன் இருக்கைப் படத்தில் வரிசை வரிசையாக ஒரே நேரத்தில் அடைபட்டிருந்தால் அது மொத்தம், ஆங்காங்கே இரண்டும் மூன்றும் நான்குமாகப் புள்ளி விழுந்திருந்தால் அது ஜனம். டூவீலர் ஸ்டாண்டில் எத்தனை டோக்கன் போனது என்று கேளுங்கள். கேன்டீன்காரரிடம் கேளுங்கள். பப்ஸ் மிச்சமிருந்தால் எந்த ஹவுஸ்ஃபுல் போர்டையும் நம்ப வேண்டாம். சனிக்கிழமை 2.30 காட்சியில் பெண்கள் எத்தனை பேர் என்று ரெப்பை எண்ணச் சொல்லுங்கள். டெல்டா ஊர்களில் படம் இரண்டாம் வாரம் நிற்குமா என்பதை அந்த மேட்னிதான் சொல்லும். இதற்கெல்லாம் ரெப் அரங்கிலேயே இருக்க வேண்டும், மேனேஜர் அறையில் உட்கார்ந்து போனில் கணக்கு வாங்கும் ரெப் வேண்டாம்.

மொத்த புக்கிங்கே கூடாது என்று சொல்லவில்லை. அது வருமானம்தான். ஆனால் இடம் வேறு. முதல் மூன்று நாள் மாலை, இரவுக் காட்சிகளில் ஒரு வரிசைகூடக் கொடுக்கக்கூடாது. திங்கள் முதல் வியாழன் வரை காலை 11 மணிக் காட்சி, அதுவும் மூன்றில் ஒரு பங்கு இருக்கையைக் கவுன்டருக்கு ஒதுக்கிவிட்டு. பணம் முழுவதும் இரண்டு நாள் முன்பே கைக்கு வர வேண்டும். பள்ளிகளுக்குச் சலுகை விலை என்றால் அது எவ்வளவு, குறைகிற தொகை யார் பங்கில் குறையும் என்று அரங்குக்காரரோடு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். டி.சி.ஆரில் மொத்தம் தனி வரியாக இருக்கட்டும், கூட்டலில் சேர்க்காதீர்கள். திங்கள் இரவுக் கணக்கு வரும்வரை எந்தப் புது அரங்கும் பேசாதீர்கள். "தலைவருக்கு மரியாதை செய்ய வந்தவங்களைத் திருப்பி அனுப்பறீங்களா" என்று கோபப்படுவார்கள். புதன்கிழமை காலைக் காட்சி முழுசாகத் தருகிறோம் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அப்போதே கலைந்துவிடுவார்கள்.

பிறந்த நாளில், நினைவு நாளில் ரிலீஸ்

அந்த நாள் புதன்கிழமை வந்தாலும் அன்றைக்கே வேண்டும் என்பார்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் பிறந்ததும் வீரமரணம் அடைந்ததும் ஏப்ரல் மாதத்தில். அவரைப் பற்றிய அமரன் வந்தது 2024 அக்டோபர் 31, தீபாவளிக்கு. அதன் வசூல் ஊருக்கே தெரியும்.

டெல்டாவுக்குத் தனி நாட்காட்டி உண்டு. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்கில் விழும் பிப்ரவரி, மார்ச்சில் கையில் காசு புழங்கும், ஆனால் பொதுத் தேர்வு குறுக்கே நிற்கும், குடும்பங்கள் வராது. நாற்று நடவுக் காலத்தில் மேட்னி காலி. நவம்பரில் நாகை, வேதாரண்யம் பக்கம் புயல் சின்னம் என்ற செய்தி வந்தாலே இரவுக் காட்சி போயிற்று. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, அந்த நாட்களில் நாகப்பட்டினத்தில் ஜனம் இருக்கும், தியேட்டருக்குள் இருக்காது.

போஸ்டரில் மாலை போட்ட படம், கீழே பிறப்பு இறப்பு ஆண்டுகள்

டெல்டாவில் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். அதோடு அதாகப் போய்விடும்.

இரவுக் காட்சியை நம்பி நீளத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது

இந்த வகைப் படங்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்குவதால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறைவதில்லை. 10 மணிக் காட்சி விடும்போது ஒரு மணி. மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ அந்த நேரத்தில் கிராமத்துக்குப் பஸ் கிடையாது, இளவட்டம் மட்டும் பைக்கில் போகும், இந்தப் படத்துக்கு அவர்கள்தான் வருவதில்லை. நான்காவது காட்சியில் பாதி வசூல் என்று போட்டுப் பாருங்கள், அதிலும் கட்டுப்படியானால் எடுங்கள். ஐந்தாவது காட்சி அரசு அனுமதி பெற்றால்தான் உண்டு, வழக்கமாக அந்த உத்தரவில் காலை 9 மணிக்கு முன் முதல் காட்சி தொடங்கக் கூடாது என்றே இருக்கும்.

காரைக்கால்

புதுச்சேரி ஆட்சிப் பகுதி. வரியும் அனுமதியும் வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எதிர்ப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பது

வாழ்ந்த மனிதரின் கதை என்றால் வாரிசு இருப்பார், எதிரணி இருக்கும். பொது ஆவணங்களின் அடிப்படையில் ஒருவரைப் பற்றி எழுத அவர் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பில், சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் சிக்கல். அந்தத் தீர்ப்பு தயாரிப்பாளருக்குத் துணை. ரிலீஸுக்கு முதல் நாள் இடைக்காலத் தடை வந்தால் போஸ்டர் ஒட்டிய உங்களுக்குத் துணை எதுவும் இல்லை. குடும்பத்தின் ஒப்புதல் கடித நகல் இருக்கிறதா, தடை வந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், விளம்பரச் செலவு யார் தலையில் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். முத்தையா முரளிதரன் படமான 800-க்கு 2020-இல் எழுந்த எதிர்ப்பில் கதாநாயகனே மாறினார், படம் 2023-இல்தான் வந்தது.

ஓ.டி.டி. தேதி தெரியாமல் மூன்றாம் வாரம் பேசுவது

நான்கு வாரத்தில் வீட்டு டிவியில் வந்துவிடும் என்று தெரிந்தால், "அதுக்கென்ன, அப்போ பார்த்துக்கலாம்" என்று முதலில் சொல்பவர்கள் இந்த வகைப் படத்தின் பார்வையாளர்கள்தான், அதாவது நாற்பது தாண்டியவர்கள். அமரன் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது டிசம்பர் 5-ஆம் தேதி, ஐந்து வாரம் கழித்து. ஓடுகிற படத்துக்குத்தான் அப்படித் தள்ளிப்போகும். உங்கள் படத்துக்கு 28-ஆம் நாள் என்று எழுதியிருந்தால், மூன்றாம் வாரத்துக்கு எந்த அரங்குக்கும் தொகை உறுதி சொல்லாதீர்கள், ஷேரில் மட்டும் ஓட்டுங்கள். அறிவிப்பு டீசர் மூன்றாம் வாரமே வந்துவிடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.