ஓனர், வீட்டுக்காரர், வாடகைதாரர்: பத்திரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் வாடகைப் பேச்சு வாயளவில் இருக்கும்வரை குழப்பமே இல்லை. "ஓனர் வந்துட்டாரா?" என்று கேட்டால் யாரென்று தெருவுக்கே தெரியும். அதே பேச்சை வாடகைப் பத்திரத்திலோ மனுவிலோ அப்படியே இறக்கும்போதுதான் சிக்கல்.

அடிக்கடி கண்ணில் படுவது, வீட்டை வாடகைக்குக் கொடுத்தவரை 'வாடகைதாரர்' என்று எழுதுவது. ஜமீன்தார், மிராசுதார் எல்லாம் சொத்து வைத்திருந்தவர்கள் என்பதால், 'தார்' என்று வந்தாலே சொத்துக்காரர் என்று தோன்றிவிடுகிறது போலும். வாடகைதாரர், குத்தகைதாரர் இரண்டுமே எடுத்தவரைக் குறிப்பவை. கொடுப்பவர் உரிமையாளர்; அல்லது வாடகைக்கு விடுபவர், குத்தகைக்கு விடுபவர். உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சீட்டில் இரண்டு பேரையும் 'குத்தகைக்காரர்' என்றே எழுதிவைத்தால், அடுத்த வெட்டுக் காய் யாருக்கு என்று சண்டை வரும்போது அந்தச் சீட்டால் ஒரு பயனும் இல்லை.

நாலு கடை வாடகைக்கு விட்டிருப்பவரை 'ஜமீன்தார்' என்று கேலியாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1803 முதல் சேதுபதிகளின் சமஸ்தானமே ஒரு ஜமீனாக இருந்த மாவட்டம் இது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்த முறை முடிந்துபோனது.

'வீட்டுக்காரர்' இன்னொரு வம்பு. "வீட்டுக்காரர் சம்மதத்தோடுதான் தண்ணீர்த் தொட்டி கட்டினேன்" என்று ஒரு பெண் மனு எழுதினால், படிக்கிற அலுவலர் கணவரைத்தான் நினைப்பார். 'சொந்தக்காரர்' என்று எழுதினால் உறவினர் ஆகிவிடுவார். வீட்டு உரிமையாளர் என்று எழுதினால் இந்த வம்பெல்லாம் இல்லை.

ஆனால் உரிமையாளர் யார் என்பது கீழக்கரையில் அத்தனை எளிதான கேள்வி இல்லை. கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவதும் அங்கே முஸ்லிம் குடும்பங்களில் பழைய வழக்கம். பத்திரம் அந்த மகளின் பெயரில் இருக்கும். வாடகை பேசுவது கணவரோ அண்ணனோ. கணவர் துபாயில் இருந்தால் மாமனார். பேசியவர் பெயரையே உரிமையாளர் என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது, "வீடு என் பேர்ல இல்லையே" என்று அவர் கையை விரிக்கலாம். மூலப் பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் உரிமையாளர். வீட்டு வரி ரசீதில் இருக்கும் பெயர் மட்டும் அதற்குச் சான்று ஆகாது. வேறொருவர் கையெழுத்துப் போடுவதென்றால், பவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு 'உரிமையாளருக்காக, அவரிடம் பவர் பெற்ற இன்னார்' என்று எழுத வேண்டும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வாடகை பெற உரிமை உள்ளவர் யார் என்று பார்க்கிறது; வாசலில் வந்து பணம் வாங்கிப் போகிறவர் யார் என்று மட்டும் அல்ல.

இதைவிடப் பெரிய தவறு ஒத்தியில் நடக்கிறது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, பணம் திரும்பி வந்ததும் வீட்டை விடுவது. இதைப் போக்கியம் என்றும் சொல்வார்கள், சென்னைப் பழக்கத்தில் லீஸ் என்றும் சொல்வார்கள். பெயரை லீஸ் என்று மாற்றியதும் ஆட்களின் பெயரும் மாறிவிடுகிறது. குடியிருப்பவர் 'வாடகைதாரர்' ஆகிறார், அவர் கொடுத்த பணம் 'அட்வான்ஸ்' ஆகிறது. விஷயம் அது இல்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் ஒத்தி ஓர் அடமானம். வீட்டின் உரிமையாளர்தான் இங்கே கடன் வாங்கியவர். குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். வட்டிக்குப் பதிலாக அவர் வீட்டை அனுபவிக்கிறார். அதனால்தான் பழைய பத்திர எழுத்தர்கள் ஓனர், குடியிருப்பவர் என்ற வம்புக்கே போகாமல் 'எழுதிக்கொடுப்பவர்', 'எழுதிவாங்குபவர்' என்று போட்டார்கள். உரிமையாளர் எழுதிக்கொடுப்பவர், பணம் தருகிறவர் எழுதிவாங்குபவர். கெட்டிக்கார ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

சொல் தப்பினால் இங்கே பணமும் தப்பும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தியை, இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். லீஸ்தானே என்று முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்கிறார்கள். பதிவு இல்லாததால் வில்லங்கச் சான்றிதழில் அது வராது. உரிமையாளர் அதே வீட்டை வேறொருவருக்கு விற்றாலும், வாங்குகிறவர் பார்க்கும் தாளில் உங்கள் பணத்துக்குச் சுவடு இருக்காது.

அப்புறம் கோயில், தர்கா சொத்து. கோயில் மனைக்கு உரிமையாளர் சாமி. சட்டமே சாமியைச் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒருவராக ஏற்கிறது. செயல் அலுவலரும், அறங்காவலர் இடத்தில் நியமிக்கப்படும் தக்காரும் நிர்வாகிகள். அவர்களை 'ஓனர்' என்று எழுதினால் தவறு. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியும் வேண்டும். வக்ஃபு சொத்தில் முத்தவல்லியும் நிர்வாகிதான். ஏர்வாடி தர்காவில் பரம்பரை உரிமை உள்ள ஹக்தார்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, இன்னொரு 'தார்' என்று அவர்களைத் தர்கா நிலத்தின் உரிமையாளர்கள் ஆக்கிவிடாதீர்கள்.

ராமேசுவரத்தில் கடை தேடுகிறவர்கள் இதில் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். கோயில் மனையில் தன் செலவில் கட்டடம் கட்டி, மனைக்கு மட்டும் வாடகை செலுத்துகிறவர் இருக்கலாம். அவர் கோயிலுக்கு வாடகைதாரர், உங்களுக்கு வாடகைக்கு விடுபவர். கட்டடமும் கோயிலுடையதாக இருந்து அவர் அதை உங்களுக்குக் கைமாற்றினால், அது உள்வாடகை. அப்போது எந்த வகையிலும் அவர் உரிமையாளர் இல்லை. அவருக்கு உள்வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், எழுத்தில் இருந்தால் நகல் வாங்குங்கள். பத்திரத்தில் 'மனை: கோயிலுக்குச் சொந்தம், கட்டடம்: இன்னாருக்குச் சொந்தம்' என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். அவர் அதற்குத் தயங்கினால் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.