2,000 ரூபாய்க்குள் வாங்கிய இயர்போனை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பச் சில நாட்கள்தான் கிடைக்கும். அதற்குள் அந்த இயர்போன் தேறுமா தேறாதா என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கே பேசப்போவது வயர் உள்ள, காதுக்குள் செருகும் வகையைப் பற்றி மட்டும். ப்ளூடூத் பட்ஸ் வேறு கதை. அதில் பேட்டரி, ஆப், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு என்று தனித் தலைவலிகள் உண்டு.

2022-ல் மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்ற இயர்போன்கள் வந்த பிறகு இந்த விலையில் நல்ல ஒலி கிடைப்பது அபூர்வமில்லை. ஆனாலும் குப்பைகளும் நிறையவே விற்கின்றன. அட்டைப்பெட்டியைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ‘ஹை-ரெஸ்’ என்ற தங்க நிற முத்திரை அந்த இயர்போன் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்பும் என்று சொல்கிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவரைகூட எட்டாது. உள்ளே எத்தனை டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) என்ற எண்ணிக்கையையும் விட்டுத்தள்ளுங்கள். ஒழுங்காக ட்யூன் செய்த ஒற்றை டிரைவர், அவசரமாக அடைத்த ஐந்து டிரைவர்களைவிட நன்றாகவே பாடும்.

படி 1: ரப்பரைச் சரிசெய்யுங்கள்

தொடங்குபவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் படி இதுதான். ‘பேஸே இல்லை, தகரம் மாதிரி கேட்குது’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு இயர்போன் காரணமில்லை, அதன் முனையில் மாட்டியிருக்கும் ரப்பர்தான் காரணம். காதுக் குழாய்க்கும் ரப்பருக்கும் இடையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, அந்த வழியே கசிந்துவிடும்.

எதிர்ப்பக்கக் கையால் காதின் மேல்நுனியைப் பிடித்து லேசாக மேலும் பின்னும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். இப்போது மற்றக் கையால் இயர்போனைச் செருகி, கொஞ்சம் திருகி, காதை விட்டுவிடுங்கள். பேஸ் உள்ள ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் சட்டென்று கூடினால் ரப்பர் அடைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு அளவு பெரியது போடுங்கள். அழுத்தினாலும் பெரிய மாற்றம் இல்லையென்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது. கொட்டாவி விடுவதுபோல் தாடையை அசைத்தும் பாருங்கள், அப்போதும் அடைப்பு விடக் கூடாது.

வலது காதுக்கு நடுத்தர அளவும் இடது காதுக்குப் பெரிய அளவும் தேவைப்படலாம். அதில் விசித்திரம் ஒன்றுமில்லை, நிறைய பேருக்கு அப்படித்தான். கூட வந்த மூன்று ஜோடியும் பொருந்தாவிட்டால் தனியாக ரப்பர் வாங்கலாம். ஃபோம் வகை நன்றாக அடைக்கும். ஆனால் ட்ரெபிளை, அதாவது மேல்ஸ்தாயி ஒலியை, கொஞ்சம் மழுக்கும், சீக்கிரம் பிய்ந்தும் போகும்.

செருகும்போது உள்ளே ‘நெருக்’கென்று மெல்லிய சத்தம் கேட்கலாம். காற்று அழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய சவ்வு வளைகிற சத்தம் அது. எப்போதாவது வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் வந்து, அதோடு ஒரு பக்கம் சத்தமும் குறைகிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 2: ஃபோன் செட்டிங்கைப் பாருங்கள்

ஈக்வலைசர் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் வசதி), டால்பி, ‘3டி சவுண்ட்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனை இயர்போனுக்கு நடக்காது, ஃபோன் கம்பெனியின் ரசனைக்குத்தான் நடக்கும்.

அடுத்தது வால்யூம். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்டாலே நம் மூளை ‘இதுதான் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பழைய இயர்போனோடு ஒப்பிடும்போது இரண்டிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் தெரியும் கோடுகளை எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு இயர்போனும் ஒவ்வொரு அளவு சத்தம் தரும். சத்தம் மிகவும் குறைவாக இருந்தால் பேஸும் ட்ரெபிளும் காதுக்கு மங்கிவிடும் என்பதால் மிதமான சத்தமே சோதனைக்கு ஏற்றது. ரொம்ப ஏற்றவும் வேண்டாம்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

படி 3: இரண்டு பக்கமும் சமமா?

யூடியூபில் இடது-வலது சோதனை ஒலிகளும், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒலியும் கிடைக்கும். ஸ்வீப்பைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். நடுவில் சில இடங்களில் சத்தம் திடீரென்று குத்தும். அந்த ஒலி முழுக்கத் தலைக்கு நடுவிலேயே நிற்க வேண்டும். ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இரண்டு டிரைவரும் ஒரே மாதிரி இல்லை. இயர்போனை இடம் மாற்றி, அதாவது வலதை இடது காதில் வைத்து, மறுபடி கேளுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் இயர்போனில். மாறாவிட்டால் ரப்பரிலோ உங்கள் காதிலோ. வெகு காலமாகக் காதில் சேர்ந்த அழுக்கும் இந்த வேலையைச் செய்யும்!

வயர் கழற்றி மாட்டும் மாடல் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. வயர் முனையிலுள்ள பின்னை ஒரு பக்கத்தில் மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் பாட்டு வரும், ஆனால் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கும், பேஸும் வெளுத்துப்போகும். திருப்பிச் செருகினால் சரி.

படி 4: இப்போதுதான் பாட்டு

முதலில் குரல். பேஸிலிருந்து தொடங்காதீர்கள், இந்த விலையில் பேஸ் தருவது சுலபம், குரலைக் கெடுக்காமல் தருவதுதான் கஷ்டம். பக்கவாத்தியம் குறைவான, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுங்கள். பாடுபவர் பக்கத்து அறையிலிருந்து பாடுவதுபோல் இருந்தால் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவிலுள்ள பகுதி குழிந்திருக்கிறது. மூக்கை அடைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தாலும் கோளாறுதான். வெறும் காதே 3 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலியை இயல்பாகக் கூட்டித் தரும். இயர்போன் காதை அடைத்துவிடுவதால் அந்த ஏற்றத்தைத் தானே தர வேண்டும். குறைத்துத் தந்தால் குரல் மங்கும், அதிகம் தந்தால் கத்தும். கத்துகிறதா என்று பார்க்க நாதஸ்வரத்தைவிட நல்ல வாத்தியம் இல்லை. ஐந்து நிமிடம் கேட்டதும் கழற்றிவிடலாமா என்று தோன்றினால் பதில் கிடைத்துவிட்டது.

பேஸுக்கு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பி எனும் இடது பக்கத்தில் ரவைப் பசை தடவியிருப்பதால் கனத்த ஒலி வரும். அதிலும் கும்கி என்ற, தோலை அழுத்தி இழுக்கும்போது ஸ்ருதி வழுக்கி ஏறும் ஒலியைக் கவனியுங்கள். நல்ல இயர்போனில் அந்த வழுக்கல் காதுக்குத் தெளிவாகத் தெரியும். பேஸை ஊதிப் பெருக்கிய இயர்போனில் கும்கி, ‘தொம்’ என்ற அடி எல்லாமே ஒரே ‘பூம்’. வலந்தலை எனும் வலது பக்கத்தில் விழும் சாப்பு என்ற அடியும் அதில் அமுங்கிப்போகும். சினிமாப் பாட்டில் கேட்பதென்றால் பேஸ் கிடாரையும் டிரம்ஸின் உதையையும் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ட்ரெபிளுக்கு ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் போதும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி தூக்கலாக இருந்தால் ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசியாகக் குத்தும். ஒரே பாட்டில் மட்டும் குத்தினால் அது ஒலிப்பதிவின் குறையாக இருக்கலாம், வேறு பாட்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. பழகுவது உங்கள் காதுதான். பழகியும் பிடிக்கவில்லை என்றால் ரிட்டர்ன் தேதி தாண்டிப்போனதுதான் மிச்சம்.

படி 5: கட்டுமானம்

‘ஒரு பக்கம் கேட்கல’ என்பதுதான் வயர் இயர்போன்களின் பொதுவான மரணம். அது பெரும்பாலும் ஃபோனில் செருகும் ஜாக் பக்கத்தில்தான் நடக்கும். ஜாக்கிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் வளைந்துகொடுக்கும் ரப்பர் உறை இருக்கிறதா? பாட்டு ஓடும்போது அந்த இடத்தை நான்கு பக்கமும் மெல்ல வளையுங்கள். கரகரப்போ விட்டுவிட்டு வருவதோ கூடாது. வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும் இதையே செய்யுங்கள்.

கழற்றும் வயர் இருந்தால் 200, 300 ரூபாயில் ஆயுளை நீட்டிக்கலாம். மூன்டிராப் சூ முதல் மாடலில் வயர் கழலாது, சூ 2-ல் கழலும். மாற்று வயர் வாங்கும்போது இயர்போனில் வயர் செருகும் சாக்கெட்டின் வடிவத்தைப் பாருங்கள்: கேஇசட் நிறுவனத்தின் பல மாடல்களில் அது வெளியே துருத்திக்கொண்டிருக்கும், வேறு பல பிராண்டுகளில் உடலோடு சமமாக இருக்கும்.

பிறகு நடந்து பாருங்கள். சட்டையில் வயர் உரசும் ‘டொக் டொக்’ காதுக்குள் கேட்டால் வயரைக் காதின் மேல்வழியாகச் சுற்றிப் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். இயர்போன் உடலின் இரு பாதிகள் சேரும் விளிம்பில் நகம் நுழையக் கூடாது. ரப்பரைக் கழற்றினால் தெரியும் வலை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வியர்வையில் இந்த வலை ஈரம் கோத்துக்கொண்டு ஒரு பக்கம் சத்தம் குறைவது சகஜம். காய வைத்தாலே திரும்பிவிடும், ஊசியால் குத்தாதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகு பேஸ் மட்டும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஈக்வலைசரில் சரிசெய்துவிட முடியும். இரு பக்கச் சமமின்மை, வயர் கரகரப்பு, அரைமணி நேரத்தில் வரும் காது வலி ஆகிய மூன்றுக்கும் ஆப்பில் வைத்தியம் கிடையாது. அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கூட வந்த ரப்பர்களைக்கூட விடாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுங்கள்.